ரதி ஆடாத வருடம்

பேராசிரியர் ஜனார்த்தனனின் கட்டுரை மின்னஞ்சலில் வந்து விழுந்தபோது ஜெயரூபிக்குக் கோபம் வரவில்லை. சந்தோசம்தான் வந்தது. வருடக்கணக்காக ஒருவர்மேல் கறுவிக்கொண்டிருக்கிறவளின் வீட்டு வாசலில் அந்த ஆளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சந்தோசம். கட்டுரையைத் திறந்தாள். முதல் பந்தியிலேயே அவள் எழுதிய வசனம் ஒன்று, அவளுடைய காற்புள்ளியோடு கூட, அவளைப் பார்த்து இளித்தது.

"வந்திட்டுதோ அக்கா?" என்று கேட்டாள் தர்மிளா.

"ஓம். முழுசா வந்திட்டுது. ஒண்டும் குறையேல்லை" என்றாள் ஜெயரூபி.

கிளிநொச்சியில், ஏ ஒன்பது வீதியோரமாக ஒரு இரும்புக் கடையின் மேல்மாடியில்தான் அவர்களுடைய ஆய்வு வட்டம் இருந்தது. அலுவலகம் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்கு. இரண்டு மேசை, நாலு பிளாஸ்டிக் கதிரை, கதவு மூடாத ஒரு அலுமாரி. கீழே கம்பி வெட்டுகிற சத்தத்தில் மேலே பேசுவது பாதி கேட்காது. அந்த இடத்திலிருந்துதான் 'வன்னிக்கு வந்தவர்கள்' என்ற கட்டுரைத் தொகுப்பு வெளிவர இருந்தது. மலையகத்தில் அடிவாங்கி, தோட்டத்து லய வீடுகளை விட்டு, காட்டை வெட்டிக் குடியேறிய சனங்களைப் பற்றிய நூல். ஜெயரூபி பதிப்பாசிரியர். ஓமந்தைக்காரி தர்மிளா துணைப் பதிப்பாசிரியர். அவளுடைய கட்டுரை ஒன்றும் நூலில் இருந்தது.

ஜனார்த்தனனைக் கேட்கலாம் என்று கூட்டத்தில் முதலில் சொன்னவளே ஜெயரூபிதான். பேராசிரியர் ஒருவரின் பெயர் இல்லாத நூலை ஆர் மதிப்பினம் என்று வட்டத்துப் பெரியவர்கள் தாடையைத் தடவிக்கொண்டிருந்தபோது, "என்ர பழைய மேற்பார்வையாளரைக் கேப்பம்" என்றாள். எல்லோரும் அவளுடைய பெருந்தன்மையை மெச்சினார்கள். அவளும் மெச்ச விட்டாள்.

நடந்தது இதுதான். வன்னிக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் ஜெயரூபி அவருக்குக் கீழே முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தாள். வட்டக்கச்சிக்கு அப்பால் உள்ள தன் குடியிருப்பில் மாசி மாதம் நடக்கும் காமன் கூத்தைப் பற்றி ஒரு இயல் எழுதினாள். கம்பம் ஊன்றுவது தொடங்கி, காமனை எரித்து, மூன்றாம் நாள் எழுப்புவது வரை. 2016ஆம் ஆண்டு விடிய விடிய இருந்து பார்த்து எழுதியது. ரதி வேடம் கட்டியவரைச் 'சின்னராசு, வயது 58' என்று எழுதினாள். பதிவேட்டில் அவர் பெயர் நல்லதம்பி. ஊருக்கு மட்டும் சின்னராசு. ஜெயரூபிக்கு அப்பா.

அப்பா என்று அவள் எழுதவில்லை. ஆய்வாளர் விலகி நிற்க வேண்டும், சொந்தம் பந்தத்தை இழுத்துக்கொண்டு வரக்கூடாது என்று படிப்பித்தவர் ஜனார்த்தனன். நல்ல மாணவி, அப்படியே கேட்டாள். காமன் எரிந்து விழும்போது அம்மாவின் சிவப்புக் கல்யாணக் கூறையைக் கட்டிக்கொண்டு நெஞ்சில் அடித்து அழுத அந்த மனுசனை, பக்கத்து ஊர்க்காரன் மாதிரி எழுதினாள். ஆய்வென்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

2017இல் ஜனார்த்தனன் இயலை வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது ஆய்வில்லைப் பிள்ளை. ஊர்ப் புதினம். தோட்டத்து ஆக்களைப் பற்றித் தோட்டத்துப் பிள்ளை எழுதினா இப்பிடித்தான் புலம்பலா வரும். இதைத் தூக்கிவிடும்" என்றார். தூக்கினாள். அடுத்த வருடமே அந்த இயல் அவருடைய பெயரில் ஒரு மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டு வாங்கியது. பிறகு ஆங்கிலத்தில் வந்தது. பிறகு அவருடைய பதவி உயர்வுக்கும் உதவியது. விரிவுரையாளர் நேர்முகத் தெரிவுக்கு ஜெயரூபி போய் உட்கார்ந்தபோது எதிரே இருந்தவரும் அவரேதான். "உம்மட ஆய்வில களவேலை போதாது" என்று வாய் கூசாமல் சொன்னார்.

அதையெல்லாம்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருப்பாள். தாங்க முடியாதது வேறு. 2018 தை மாதம் அப்பா நெஞ்சுவலியில் போனார். போவதற்கு முந்தின கிழமை கட்டிலில் படுத்துக்கொண்டு, "நம்ம கூத்தைப் பத்தி எழுதினியே, அது புத்தகமா வருதாம்மா?" என்று கேட்டார். வரும் என்று அவள் சொன்னாள். அந்த ஒரு பொய்யைத் தன் வாயால் சொல்ல வைத்த ஆளை விடுவதில்லை என்று செத்த வீட்டிலேயே தீர்மானித்துவிட்டாள்.

ஆகவே அவருக்கு எழுதிய கடிதத்தில், "சேர், உங்களுடைய காமன் கூத்துக் கட்டுரையையே இத்தொகுப்புக்கு எதிர்பார்க்கிறோம்" என்று எழுதினாள். 'உங்களுடைய' என்று தட்டச்சு செய்யும்போது விரல் எரிந்தது. ஆனால் மனுசன் அந்தச் சொல்லிலேயே குளிர்ந்துபோனார். பெட்டை சரணடைந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். பேசிப் பேசி, அந்தக் கூத்தைத் தானே பார்த்ததாக அவரே நம்பத் தொடங்கியும் கனகாலம்.

கட்டுரையைக் கடைசிவரை வாசித்தவள், ஒரு இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய இயலில் 2016 என்று இருந்தது அவருடைய கட்டுரையில் 2018 ஆகியிருந்தது. ஏன் என்று யோசிக்கவே தேவையில்லை. 2016 முழுவதும் அவர் ஆய்வு விடுப்பில் நோர்வேயில் இருந்தார். பனிக்குள் தொப்பி போட்டு நின்ற படங்களை ஊரே பார்த்தது. அதனால் ஆள் கெட்டித்தனமாக வருடத்தை மாற்றியிருக்கிறார். '2018 மாசியில், அதிகாலை வரை அங்கிருந்து, சின்னராசு என்னும் முதிய கலைஞர் ரதியாக அழுவதை என் கண்ணால் கண்டேன்.'

அந்த மாசியில் சின்னராசு செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. குடியிருப்பில் சாவு விழுந்தால், அதுவும் ரதி கட்டுகிறவருடைய சாவு விழுந்தால், அந்த வருடம் கம்பம் ஊன்றமாட்டார்கள். கூத்தே நடக்கவில்லை. அங்கே சிறுபிள்ளைக்கும் தெரிந்த வழமை இது. ஒரு தரம் வந்து ஒரு தேத்தண்ணி குடித்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஜெயரூபி கணினியை மூடிவிட்டு, தர்மிளாவையும் இழுத்துக்கொண்டு கீழே போய், பக்கத்துக் கடையில் இரண்டு ரோல்ஸ் வாங்கித் தின்றாள். அதற்குமுன் தின்ற ரோல்ஸ் எதுவும் அவ்வளவு ருசியாக இருந்ததில்லை.

தொகுப்பு நூல் வேலை தெரியாதவர்கள், வருகிற கட்டுரைகளை அடுக்கி அட்டை போட்டால் நூல் என்று நினைப்பார்கள். ஒருவர் 'அகதிகள்' என்பார், அடுத்தவர் 'குடியேறிகள்' என்பார். ஒருவர் 1977 என்று சொல்லும் கலவரத்துக்கு இன்னொருவர் வேறு கதை சொல்வார். ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற மாடுகளை ஒரே வண்டியில் பூட்டுகிற வேலை. அதற்காக ஜெயரூபி ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். அயல் வாசிப்பு என்று அதற்குப் பெயர். ஒவ்வொருவரும் தன் கட்டுரைக்கு முன்னுக்கும் பின்னுக்கும் நிற்கும் கட்டுரைகளை வாசிக்க வேண்டும். தன்னுடையதோடு எங்காவது முட்டுகிறதா என்று எழுதித்தர வேண்டும். முட்டுகிற இடத்தைப் பேசித் திருத்திய பிறகுதான் அச்சு. எல்லோரும் முறுமுறுத்தாலும் செய்தார்கள். நூல் இறுகி ஒரு உருவத்துக்கு வந்ததே அதனால்தான்.

ஜனார்த்தனனின் கட்டுரைக்கு முன்னால் தர்மிளாவின் கட்டுரையை வைத்தாள். நியாயமான இடம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. தர்மிளா எழுதியது அந்தக் குடியிருப்பின் வயல் வேலையையும் சடங்குகளையும் பற்றி. அதில் தெளிவாக இருந்தது: '2018 மாசியில் காமன் கம்பம் ஊன்றப்படவில்லை. ரதியாக ஆடிவந்த சின்னராசு அவ்வாண்டு தை மாதம் காலமானதே காரணம்.'

ஜனார்த்தனனிடமிருந்து அடுத்த நாளே பதில் வந்தது. 'அயற்கட்டுரைகளை ஊன்றி வாசித்தேன். என் கட்டுரையோடு முரண் எதுவும் இல்லை. இளம் ஆய்வாளரின் மொழிநடை இன்னும் தேற வேண்டும்.'

தர்மிளாவின் முகம் கறுத்துப்போனது. "அக்கா, இந்தாள் ஒரு எழுத்தும் வாசிக்கேல்லை. ரெண்டும் ஒரே புத்தகத்தில போனா எங்கட லட்சணத்தைத்தான் சனம் கேக்கும். அவரிட்டச் சொல்லுங்கோவன்."

அது நியாயமான பேச்சு. பதிப்பாசிரியருக்கு ஒரு தர்மம் இருக்கிறது. தெரிந்துகொண்டே பிழையை விடக்கூடாது. ஜெயரூபி தொலைபேசியை எடுத்தாள். அவளுக்குள்ளேயும் ஒரு சின்ன ஆசை இருந்தது. மனுசன் கொஞ்சம் தடுமாறட்டும். 'அது உம்மட குறிப்பிலயிருந்து எடுத்தது' என்று வாய்க்குள் முனகட்டும். அடிக்குறிப்பில் தன் பெயரைப் போடட்டும். அது போதும், விட்டுவிடலாம் என்று நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள்.

"சேர், அந்த 2018 எண்ட வருசம் சரியோ எண்டு ஒருக்காப் பாக்கிறீங்களோ?"

"ஏன், என்ன பிரச்சினை?"

"அந்த வருசம் கூத்து நடந்ததோ எண்டு ஒரு சந்தேகம். உங்கட குறிப்புகள் வேற ஆற்றயும் ஆய்விலயிருந்து வந்திருந்தா, அதைச் சொல்லி ஒரு அடிக்குறிப்புப் போடலாம்."

மறுமுனையில் அவர் சிரித்தார். "ஜெயரூபி, நான் நேரில நிண்டு கண்டனான். அந்தக் கிழவன்ர கையைப் பிடிச்சுக் கதைச்சனான். நீர் இன்னும் அந்தப் பழைய கதையை விடேல்லைப் போல. பதிப்பாசிரியர் எண்டா எழுத்துப் பிழையைப் பாரும். களத்தைப் பற்றி எனக்குப் படிப்பிக்க வரவேண்டாம்."

"சரி சேர்" என்றாள்.

கையைப் பிடித்தாராம். கடைசி நாட்களில் வீங்கிப்போயிருந்த அந்தக் கைக்கு எண்ணெய் தடவிவிட்டவள் ஜெயரூபி. போனை வைத்தபோது, விட்டுவிடலாம் என்ற நினைப்பு இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. அவருடைய அந்த வசனத்தின் கீழே ஒரு அடிக்குறிப்புப் போட்டாள். 'இவ்வாண்டின் கூத்து நிகழ்வு குறித்து, பார்க்க: இந்நூலின் முந்தைய கட்டுரை.' அவ்வளவுதான். வையவில்லை, பழிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டுகிற யாருக்கும் செத்தவர் ஆடக் கண்ட பேராசிரியர் கிடைப்பார். தர்மிளா வாசித்துவிட்டு அவளைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தாள். "பதிப்பாசிரியர் கடமை செய்தாச்சு" என்றாள் ஜெயரூபி. அச்சுக்கு முந்தைய மெய்ப்பு அவருக்குப் போனது. தன் பெயருக்கு முன்னால் 'சிரேஷ்ட' என்ற சொல் விடுபட்டதை மட்டும் திருத்தி, ஒப்பமிட்டு அனுப்பினார்.

வெளியீட்டைக் குடியிருப்பின் பொதுநோக்கு மண்டபத்தில் வைக்க ஏற்பாடு செய்தாள். ஊர்ச்சனம் பொன்னாடை போர்த்த விரும்புகிறார்கள் என்று எழுதியதும் தலைமையுரைக்கு உடனே சம்மதம் வந்தது. முதற்பிரதியை வாங்க அம்மாவைக் கேட்டாள்.

"நான் என்னத்தடி வாங்கி வாசிக்கப் போறேன்?" என்றாள் வடிவம்மா.

"அப்பாவைப் பத்தி எழுதியிருக்கும்மா. ஒரு பெரிய பேராசிரியர் எழுதியிருக்காரு."

அம்மா நல்ல சேலையைத் தோய்த்துக் காயப்போட்டாள். ஜெயரூபி மிச்சத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாள், அல்லது பாவம் விட்டுவிடு என்பாள்.

அறுவடை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜனார்த்தனன் காரில் வரும்போது பாதி வழியில் தர்மிளாவுக்கு அழைத்து, வட்டக்கச்சிச் சந்தியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று கேட்டார். விடிய விடிய இருந்து கூத்துப் பார்த்த ஊருக்கு வழி கேட்கிறார் என்று தர்மிளா வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். விளக்கேற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஜெயரூபியே போர்த்தினாள், மடிப்பைக்கூடச் சரிசெய்துவிட்டாள்.

அவர் நன்றாகப் பேசக்கூடியவர். அதைச் சொல்லத்தான் வேண்டும். "இந்த மண்ணில, அந்தா அந்த வேம்புக்குக் கீழ, 2018 மாசியில நான் நிலத்தில இருந்து கூத்துப் பாத்தனான்" என்று கையை நீட்டினார். அவர் நீட்டிய பக்கம் கூட்டுறவுக் கடைதான் இருந்தது. "சின்னராசு எண்ட அந்த மகா கலைஞன் சிவப்புக் கூறையோட விழுந்து அழுத அழுகை இண்டைக்கும் என்ர காதில கேக்குது." மண்டபத்தில் ஒரு கதிரைகூட அசையவில்லை. பின்வரிசையில் நின்ற ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சனம் உருகிப்போய் இருக்கிறது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, அந்தக் கையைப் பிடித்த கதையையும் சொன்னார். ஜெயரூபி ஓரத்தில் நின்று ஒவ்வொரு சொல்லையும் பாயாசம் மாதிரிக் குடித்தாள்.

தர்மிளா ஒலிவாங்கியில் அறிவித்தாள். "நூலின் முதற்பிரதியைப் பேராசிரியர் வழங்க, ரதி சின்னராசு அவர்களின் துணைவியார் வடிவம்மா பெற்றுக்கொள்வார்."

அம்மா மேடைக்கு ஏறினாள். ஜனார்த்தனன் புன்னகையோடு நூலை நீட்டினார். அம்மா அதன் ஒரு ஓரத்தைப் பிடித்தாள், வாங்கவில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒலிவாங்கி அவர்களுக்கு நடுவில் இருந்தது.

"ஐயா, நெசமாவா? மாசியில பாத்தீங்களா?"

"ஓம் அம்மா, பாத்தனான்."

"அவரு தையில போயிட்டாருங்களே. அந்த வருசம் ஊருல கம்பமே ஊனல. என் மக ரூபிதான் அவருக்குக் கொள்ளிச் சட்டி தூக்கினா, ஆம்பளப் புள்ள இல்லாததுனால." அம்மாவின் குரலில் குற்றச்சாட்டு இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. "அந்தக் கூறையைத்தான் அவரு மேல போத்தி அனுப்பினேன். எங்க யாரு கண்ணுக்கும் அவரு வரல. உங்க கண்ணுக்கு வந்தாரா? நல்லா இருந்தாரா ஐயா?"

ஜனார்த்தனனின் கண்கள் மண்டபமெல்லாம் ஓடி, ஓரத்தில் நின்ற ஜெயரூபியிடம் வந்து நின்றன. ரூபி. சின்னராசுவின் மகள். அவருக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது அவளுக்கும் தெரிந்தது. இந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் இத்தனை காலம் காத்திருந்தாள். அவள் சிரித்தாள்.

"சொல்லுங்கோ சேர். அம்மா கேக்கிறா" என்றாள்.

ஓம் என்றால் புருசனை இழந்தவளிடம், ஊர் முழுக்கப் பார்த்திருக்க, பொய்யன். இல்லை என்றால் கள்ளன். பொன்னாடை தோளிலிருந்து நழுவியதை அவர் கவனிக்கவில்லை.

"இல்லையம்மா" என்றார். ஒலிவாங்கி அதை மண்டபத்தின் கடைசிவரை கொண்டுபோனது. "நான் காணேல்லை."

"அப்ப யாருங்கய்யா பாத்தது?"

"உங்கட மகள்தான் பாத்தவா. எழுதினதும் அவாதான். எல்லாம் அவா எழுதினதுதான்."

வேறு எந்த மண்டபத்திலும், எந்த நேர்முகத்திலும், எந்த முறைப்பாட்டிலும் கிடைக்காத வசனம் அது. திருடினவனின் வாயாலேயே, அப்பாவின் ஊரிலேயே கிடைத்தது. ஜெயரூபிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அவர் காருக்குப் போகும்வரை ஒருவரும் வழி மறிக்கவில்லை, ஒருவரும் வழியனுப்பவுமில்லை. இரண்டாம் பதிப்பில் யார் பெயர் இருக்கும் என்று தர்மிளா கேட்கவே இல்லை.

எல்லாம் முடிந்து, கதிரைகளை அடுக்கிவிட்டு, தாயும் மகளும் வாய்க்கால் கரையால் வீட்டுக்கு நடந்தார்கள். நூல் ஜெயரூபியின் கையில்தான் இருந்தது. அம்மா அதை மேடையிலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தாள். வீட்டுப் படலை தெரிகிற தூரத்தில் அம்மா நடையைத் தளர்த்தினாள்.

"அந்த மனுசன் பாத்தேன்னே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"அது பொய்ம்மா."

"தெரியும்டி. ஆனா அவரு பேசிக்கிட்டு இருந்த நேரம் பூரா நான் நம்பிட்டேன்."

அம்மா படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். ஜனார்த்தனனுக்குச் செய்ததை நினைத்து ஜெயரூபிக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. இன்னொரு தரம் கிடைத்தாலும் செய்வாள். ஆனால் அம்மாவுக்குப் பின்னால் அவள் உள்ளே போகவில்லை. நூலைக் கையில் வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.